பொது இடத்தில் பிள்ளை உருண்டு அழுதால் யார் பொறுப்பு?

பேரங்காடியில் பணம் செலுத்த வரிசையில் நிற்கும் நேரம். மிட்டாயும் சாக்லெட்டும் மூன்று வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளை கை நீட்டுகிறது. அம்மா "வேண்டாம்" என்கிறார். அடுத்த நொடி பிள்ளை தரையில் கிடக்கிறது, காலை உதைக்கிறது, கடை முழுக்கக் கேட்கும்படி அலறுகிறது. வரிசையில் நிற்போர் திரும்பிப் பார்க்கிறார்கள். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையே அதைச் சொல்லிவிடுகிறது.

பெருவிரைவு ரயிலிலும் உணவங்காடி நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் திருமண விருந்திலும் இதே காட்சியைக் காண்கிறோம். இது பெற்றோரின் குற்றமா, பிள்ளையின் குணமா? குழந்தை உளவியல் இதற்குத் தரும் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கோபம் வெடிப்பதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அதற்கு முன்பும் அந்த நேரத்திலும் அதன் பிறகும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவர்களின் பொறுப்பு. அடுத்த முறை என்ன நடக்கும் என்பதைப் பெருமளவு அதுவே முடிவு செய்கிறது.

தெரியும், ஆனால் முடியாது

"எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இவனுக்குத் தெரியாதா என்ன?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. பிள்ளைக்குத் தெரியும்தான். ஆனால், தெரிந்ததைச் செய்து காட்டுவது வேறொரு திறன்.

இதைக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவும் அவருடைய சகாக்களும் 1990களில் இதைப் பரவலாக்கினர். படங்கள் வரைந்த அட்டைகளை முதலில் நிறத்தின்படி பிரிக்கும்படி பிள்ளையிடம் சொல்வார்கள். பிள்ளை சரியாகச் செய்யும். பிறகு, "இப்போது வடிவத்தின்படி பிரி" என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் தொடர்ந்து நிறத்தின்படியே பிரிப்பார்கள். வியப்பு என்னவென்றால், "இப்போது என்ன விதி?" என்று கேட்டால் புதிய விதியைச் சரியாகச் சொல்வார்கள். வாய் சரியாகச் சொல்லும். கை பழையபடியே போகும். ஐந்து வயதை எட்டும்போது பெரும்பாலான பிள்ளைகளால் இதைச் செய்துவிட முடிகிறது.

மனத்தில் எழும் உந்துதலைத் தடுத்து நிறுத்துவதில் மூளையின் முன்பகுதிப் புறணிக்கு முக்கியப் பங்கு உண்டு. இப்பகுதி முழுமையாக முதிர்ச்சியடைய இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. அச்சம், ஆத்திரம் போன்ற உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகளோ பிறந்த சில மாதங்களிலேயே சுறுசுறுப்பாக இயங்குகின்றன. விசைமுடுக்கி நன்றாக வேலை செய்யும் காரில் தடைக்கருவி மட்டும் இன்னும் பொருத்தி முடியாத நிலை என்று வைத்துக்கொள்ளலாம். "எனக்குக் களைப்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும் அளவுக்குச் சொல்வளமும் அந்த வயதில் இருப்பதில்லை.

1931ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், தாய்மார்கள் எழுதிய நாட்குறிப்புகளைக் கொண்டு சிறு பிள்ளைகளின் கோபத்தை ஆராய்ந்தார். கோப வெடிப்புகள் இரண்டாவது வயதில் உச்சத்தை அடைவதை அவர் கண்டார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பும் பிள்ளை களைத்திருக்கும்போதும் உடல்நலம் குன்றியிருக்கும்போதும் அவை கூடின. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும், மதியத் தூக்கம் தவறிய பிள்ளையைக் கடைத்தொகுதிக்கு அழைத்துச் செல்லும் எவருக்கும் அந்தக் குறிப்பு பொருந்துகிறது.

சில நிமிடப் புயல்

அழுது உருளும் பிள்ளையின் அருகே நிற்கும் பெற்றோருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு மணி நேரமாகத் தோன்றும். உண்மையில் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மைக்கேல் போட்டிகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 335 பிள்ளைகளின் கோப வெடிப்புகளைப் பெற்றோரின் விவரிப்புகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2003இல் வெளியான முடிவுகளின்படி, நான்கில் மூன்று வெடிப்புகள் ஐந்து நிமிடங்களுக்குள் அடங்கிவிட்டன.

போட்டிகலும் வேறு சிலரும் பின்னர் இன்னொரு படி முன்னேறினர். பிள்ளைகளின் உடையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி அந்த நேரத்து ஒலிகளைப் பதிவு செய்தனர். 2011இல் வெளியான அந்த ஆய்வில், அலறலும் கத்தலும் ஒரு வகையாகவும் அழுகையும் சிணுங்கலும் இன்னொரு வகையாகவும் சேர்ந்து வந்தன. முன்னது கோபம், பின்னது துயரம். கோபம் சட்டென உச்சத்துக்கு ஏறி இறங்குகிறது. துயரம் அதனூடே ஓடி, கோபம் வடிந்த பிறகும் நீடிக்கிறது.

இதில் பெற்றோருக்கு நேரடிப் பயன் உண்டு. கோபம் உச்சத்தில் இருக்கும்போது "ஏன் அழுகிறாய்? என்ன வேண்டும்? இதையா, அதையா?" என்று கேள்விகளை அடுக்குவது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. அந்த நேரத்தில் பிள்ளைக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல் அருகில் இருந்தாலே போதும். கோபம் வடிந்து துயரம் மட்டும் எஞ்சும்போது பிள்ளை தானாகவே ஆறுதல் தேடிக் கையை நீட்டும். பேச வேண்டிய நேரம் அதுதான்.

மிட்டாய் கொடுத்தால் என்ன நடக்கிறது?

எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அம்மா மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழுகை உடனே நிற்கிறது. அங்கே இரண்டு பாடங்கள் நடந்து முடிகின்றன. "கத்தினால் கிடைக்கும்" என்று பிள்ளை கற்கிறது. "கொடுத்தால் கத்தல் நிற்கும்" என்று அம்மா கற்கிறார். இருவருக்கும் உடனடிப் பலன் கிடைப்பதால் இருவரும் அடுத்த முறையும் அதையே செய்கிறார்கள். ஆரிகன் மாநிலத்தில் பல குடும்பங்களை நீண்டகாலம் கவனித்த உளவியலாளர் ஜெரல்ட் பேட்டர்சன், ஒருவர் மற்றவரைப் பணியவைக்கும் இந்தச் சுழற்சியை 1982இல் வெளியான நூலில் விரிவாக விளக்கினார். சிறு வயதில் மிட்டாய்க்காகத் தொடங்கும் இச்சுழற்சி, வளர்ந்த பிறகு முரட்டுத்தனமாக மாறக்கூடும் என்பது அவருடைய ஆய்வின் சாரம்.

எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பது சிக்கலை இன்னும் கெட்டியாக்குகிறது. பரிசு எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது முயற்சி எளிதில் நிற்பதில்லை என்பது நடத்தை உளவியலின் பழைய பாடம். நம் வீடுகளில் பிள்ளையை அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பணிப்பெண் எனப் பலர் பார்த்துக்கொள்கிறோம். அம்மா "வேண்டாம்" என்றதைப் பாட்டி "பாவம், சின்னப் பிள்ளைதானே" என்று கொடுத்துவிட்டால், மறுமுறை பிள்ளை இன்னும் நீண்ட நேரம் முயன்று பார்க்கும். பிள்ளை தந்திரக்காரன் என்பதற்கு இது அடையாளமில்லை. பெரியவர்களுக்குள் பேச்சு ஒத்துப்போகவில்லை என்பதற்குத்தான் அடையாளம்.

இதுவரை கொடுத்துப் பழக்கிவிட்டு இன்று முதல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால், அழுகை முதலில் கூடவே செய்யும். வழக்கமான வழி பலிக்காதபோது பிள்ளை அதே வழியில் இன்னும் பலமாக முயல்கிறது. பல பெற்றோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது கொடுத்துவிட்டால் "இன்னும் பலமாகக் கத்த வேண்டும்" என்ற பாடம் மிஞ்சும்.

திறன்பேசியும் பிரம்பும்

இப்போது மிட்டாயின் இடத்தைத் திறன்பேசி பிடித்துக்கொண்டது. உணவங்காடியில் சோறு ஊட்டவும் பேருந்தில் அமைதியாக உட்காரவைக்கவும் திரைதான் கைகொடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெனி ரடெஸ்கியும் குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 422 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். பிள்ளையைச் சமாதானப்படுத்த அடிக்கடி கருவியைப் பயன்படுத்திய குடும்பங்களில், சில மாதங்கள் கழித்துப் பிள்ளைகள் சட்டென உணர்ச்சிவசப்படுவது கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடம் இத்தொடர்பு வலுவாக இருந்தது. காரணம் இதுதான் என்று ஒரே ஆய்வைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும், ஏமாற்றத்தைத் தாங்கிப் பழகும் வாய்ப்பு பிள்ளைக்குக் குறைகிறது என்ற விளக்கம் ஏற்கத்தக்கது.

சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் வழிகாட்டி, 18 மாதங்களுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே கூடாது என்கிறது. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரத்துக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பிடும்போது திரை வேண்டாம்.

இந்த அறிவுரை பெரியவர்களுக்கும் பொருந்தும். ரடெஸ்கி குழு 2014இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், விரைவு உணவகங்களில் பிள்ளைகளுடன் சாப்பிட வந்த 55 பெரியவர்களை ஓரமாக அமர்ந்து கவனித்தது. 40 பேர் சாப்பாட்டின்போது கைப்பேசியைப் பயன்படுத்தினர். அதில் மூழ்கிப்போனவர்களின் கவனத்தை ஈர்க்கச் சில பிள்ளைகள் சேட்டையைக் கூட்டின. பெரியவர் தலை நிமிர்ந்தபோது அதட்டல்தான் வந்தது.

சரி, இரண்டு அடி போட்டால் அடங்கிவிடாதா? "அடியாத மாடு படியாது" என்று நம் வழக்கில் சொல்வதுண்டு. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் அலசினர். அவற்றில் இடம்பெற்ற பிள்ளைகள் 160,000க்கும் மேற்பட்டோர். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் மனநலப் பிரச்சினைகளும் கூடுதலாகவே காணப்பட்டன. நன்மை எதுவும் தென்படவில்லை. எல்லாரும் பார்க்க அடிக்கும்போது, கோபம் வந்தால் கையோங்கலாம் என்பதைத்தான் பிள்ளை நேரில் பார்த்துக் கற்கிறது.

புறப்படும் முன்பே தொடங்கும் வேலை

பொது இடத்தில் பிள்ளையின் நடத்தையைச் சீர்படுத்தும் வேலையில் பெரும்பகுதி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிட வேண்டும். பேரங்காடியிலேயே நடத்திய ஆய்வுகள் 1977ஆம் ஆண்டிலேயே வெளியாகியுள்ளன. கடை விதிகளை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, பொருள் வாங்குவதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிக்கொண்டே சென்றபோது தொல்லை குறைந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாகி சிங்கப்பூரிலும் நடத்தப்படும் 'டிரிப்பிள் பி' பெற்றோர் பயிற்சியிலும் இந்த முன்திட்டம் முக்கிய இடம் பெறுகிறது.

நடைமுறையில் அது இப்படித்தான் இருக்கும். பசியோ தூக்கமோ உள்ள நேரத்தில் நீண்ட வேலைகளைத் தவிர்க்கலாம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே இரண்டே விதிகளைச் சொல்லலாம்: "தள்ளுவண்டி பக்கத்திலேயே நட. இன்று மிட்டாய் வாங்கப் போவதில்லை." "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது சிறு பிள்ளைக்கு எளிதில் விளங்கும். உள்ளே போனதும் வேலை கொடுக்கலாம்: "மூன்று தக்காளி எடுத்துப் போடு. பெரிய வாழைப்பழம் எங்கே இருக்கிறது?" நன்றாக நடந்துகொள்ளும்போது உடனே பாராட்ட வேண்டும். கத்தும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பது கத்தலுக்குக் கொடுக்கும் பரிசு.

எது தவறு, எது தவறில்லை?

இரண்டு வயதுப் பிள்ளை ரயிலில் அழுவது யாருடைய தவறும் இல்லை. சூடான சூப் தட்டுகளோடு ஆட்கள் நடமாடும் உணவங்காடியில் பிள்ளை ஓடித் திரிய, பெற்றோர் பேச்சில் லயித்திருப்பது தவறு. நகரும் படிக்கட்டில் விளையாட விடுவதும், முன் இருக்கையை அரை மணி நேரம் உதைப்பதைக் கண்டும் காணாதிருப்பதும், "சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போவதும் தவறுதான். பிள்ளையால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாது என்று அறிவியல் சொல்வதன் பொருள், அந்தக் கட்டுப்பாட்டைப் பெரியவர் கடன் கொடுக்க வேண்டும் என்பதே. திரைப்படமோ திருமணச் சடங்கோ நடக்கும் இடத்தில் அழுகை தொடங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சற்று வெளியே போய் வருவது மற்றவர்களுக்கும் மரியாதை, பிள்ளைக்கும் நல்லது. தண்ணீரைக் கொட்டிய பிள்ளையுடன் சேர்ந்து துடைப்பதும் அருகில் இருந்தவரிடம் பிள்ளையின் முன்னிலையில் "மன்னிக்கவும்" என்பதும் எந்தப் பிரசங்கத்தையும்விட நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

இந்தப் பாடத்தின் பலன் கடை வாசலோடு முடிவதில்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் ஆயிரம் பேரை ஆய்வாளர்கள் இன்றும் பின்தொடர்கிறார்கள். சிறு வயதில் சுயகட்டுப்பாடு கூடுதலாக இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலத்திலும் பண நிலையிலும் மேம்பட்டிருந்தார்கள். இடையில் சுயகட்டுப்பாட்டை வளர்த்துக்கொண்டவர்களும் முன்னேறினார்கள். பிறவிக் குணம் என்று கைகழுவ வேண்டியதில்லை. அது வளர்க்கக்கூடிய திறன்.

எப்போது உதவி நாடலாம்?

நான்கு வயதை நெருங்கும்போது கோப வெடிப்புகள் பொதுவாகக் குறைய வேண்டும். ஒவ்வொரு முறையும் 25 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது, பிள்ளை தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது, தானாக ஒருபோதும் அமைதியடையாதது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். முதலில் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசலாம். பாலர் பள்ளி ஆசிரியர் கவனித்ததையும் கேட்டறிவது பயன் தரும். மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு ஒலியும் வெளிச்சமும் கூட்டமுமே தாங்க முடியாத சுமையாகிவிடலாம். அவர்களின் அழுகைக்கும் மிட்டாய்க்கான அழுகைக்கும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

அதனால்தான் வரிசையில் நிற்கும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பெற்றோரை மிட்டாய் கொடுக்க வைப்பதும் கையோங்க வைப்பதும் பெரும்பாலும் பிள்ளையின் அழுகையைவிட நம் பார்வைதான். "பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சொல், அல்லது கீழே விழுந்த பையை எடுத்துக் கொடுக்கும் ஒரு கை இருந்தால், அந்தத் தாய்க்கோ தந்தைக்கோ உறுதியாக நிற்க இன்னும் இரண்டு நிமிடங்கள் கிடைக்கும். பெரும்பாலான நேரங்களில் அந்த இரண்டு நிமிடங்களே போதும்.