ஐந்து மில்லிமீட்டர் தொலைவு

மொரப்பூர் நிலையத்தைக் கடந்து செல்லும் ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையின் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அக்கம்பியைத் தாங்கும் இரும்புக் கம்பத்துக்கு அது கசிந்துவிடாமல் தடுப்பவை, குடைகளை அடுக்கியதுபோன்ற விளிம்புகளைக் கொண்ட இன்சுலேட்டர்கள். தூசியும் ஈரமும் படிந்த பரப்பின் மேல் மின்சாரம் ஊர்ந்து செல்லக்கூடும் என்பதால், அப்பரப்பை மடித்து மடித்து வழியை நீட்டுவதே அவ்விளிம்புகளின் வேலை. இவ்வாறு பரப்பை ஒட்டி அளக்கப்படும் தொலைவை ஊர்வுத் தொலைவு எனலாம்.

அந்நிலையத்துக்கு வெளியே எந்தச் சிற்றூர்க் கடையிலும் தொங்கும் கைபேசி சார்ஜருக்குள்ளும் இதே ஏற்பாடு சிறு அளவில் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி, நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கப்பட்டு, சிறிய டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியாக 5 வோல்ட்டாக இறங்குகிறது. டிரான்ஸ்பார்மரின் இரு சுருள்களுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. ஆற்றலைக் காந்தப்புலமே கடத்துகிறது. ஆகவே சர்க்யூட் போர்டில் ஒரு கரை உயிருக்கு ஆபத்தானது, மறு கரை கையால் தொடத்தக்கது. இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வழக்கமான சூழலில், சுமார் 5 மில்லிமீட்டர் ஊர்வுத் தொலைவு வேண்டும் என்பது சார்ஜர்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்துவந்த ஐ.எஸ். 13252 (பகுதி 1) தரநிலையின் கணக்கு. நல்ல சார்ஜர்களின் போர்டில் சில சமயம் காணப்படும் வெட்டுப்பள்ளம், இன்சுலேட்டரின் விளிம்பு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. மலிவுச் சார்ஜர்களில் முதலில் சுருங்குவதும் இந்த இடைவெளியே. அது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாததைச் சோதிக்கவே ஆய்வகங்கள் இருக்கின்றன. ஈரம் மிகுந்த அறையில் வைத்தெடுத்த சார்ஜரின் இரு கரைகளுக்கும் நடுவே ஒரு நிமிடம் 3,000 வோல்ட் செலுத்தப்படுகிறது. உள் உறுப்புகள் ஒவ்வொன்றாக வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டு, தீ வெளியே வருகிறதா என்று பார்க்கப்படுகிறது. தொடுபவர் உடல்வழியே செல்லக்கூடிய மின்னோட்டம் 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது. சார்ஜ் ஆகும்போது உலோக உடல்கொண்ட கைபேசியைத் தடவினால் சிலருக்கு ஏற்படும் மெல்லிய கூச்சத்துக்குக் காரணம், பெரும்பாலும் இவ்வரம்புக்குட்பட்ட கசிவுதான்.

இச்சோதனைகளை இந்தியாவில் சட்டக் கடமையாக்கியது 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை. தொடக்கத்தில் 15 வகை மின்னணுப் பொருள்களுக்கு 2013 முதல் நடைமுறைக்கு வந்த அது, 2014இல் வெளியான அறிவிக்கையால் கைபேசி, பவர் பேங்க், பவர் அடாப்டர் முதலியவற்றுக்கும் விரிந்தது. பழகிய ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அதிகாரிகள் தொழிற்சாலைக்கே சென்று பார்வையிடுவர். இத்திட்டத்திலோ உற்பத்தியாளர் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையை இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் அளித்து, தரநிலைக்கு இணங்குவதாகத் தாமே உறுதிகூறி, ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைப் பெறுகிறார். அந்த எண் தொழிற்சாலைக்கு உரியது. ஒரே பிராண்டின் சார்ஜர் இரண்டு ஆலைகளில் தயாரானால் பதிவும் இரண்டு.

சார்ஜரில் அச்சிட்ட எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் உற்பத்தியாளர் யார் என்பது தெரியும். ஆனால் ஆய்வகத்துக்குப் போன மாதிரியும் கடைக்கு வந்த பொருளும் ஒன்றுதானா என்பதை எண்ணால் சொல்ல முடியாது. திட்டத்தின் நலிந்த இடம் அதுவே. அதனால்தான் அமைவனம் சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்து மறுசோதனைக்கு அனுப்புகிறது. தேறாத பொருளின் பதிவு ரத்தாகவும் கூடும்.