தீக்குச்சித் தொழிற்பெண்டிரும் 1888ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்

அன்னி பெசண்டு அம்மையாரைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். சென்னை அடையாற்றில் பிரமஞான சங்கத்தின் தலைவராய் விளங்கியவர். 1916ஆம் ஆண்டில் தன்னாட்சி இயக்கம் கண்டவர். 1917ஆம் ஆண்டில் இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைமையை ஏற்றவர். 1933ஆம் ஆண்டில் அடையாற்றிலேயே உயிர் நீத்தவர். அவர்தம் வாழ்க்கை வரலாற்றைக் கூறுவோர், இந்தியாவுக்கு வருமுன் அவர் இலண்டனில் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களைத் திரட்டி, வேலைநிறுத்தம் நடத்தி வெற்றி கண்டார் என்று ஒரு வரியும் சேர்த்துக் கூறுவது வழக்கம்.

அந்த ஒரு வரி முழு உண்மையன்று. வேலைநிறுத்தம் நடந்ததும் வென்றதும் உண்மை. அம்மையார் அதற்குப் பெருந்துணை புரிந்ததும் உண்மை. ஆனால், அதனைத் தொடங்கியவர் அவரல்லர். தொடங்கியவர் யார், எதற்காகத் தொடங்கினர், எதைப் பெற்றனர், எதைப் பெறாது விட்டனர் என்பன தெளிவாக அறியத்தக்கவை.

தொழிற்சாலையும் நஞ்சும்

இலண்டன் மாநகரின் கிழக்கே, போ என்னும் வட்டாரத்தில், பிரையண்ட் அண்ட் மே கம்பெனியாரின் தீக்குச்சித் தொழிற்சாலை 1861ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. 1888ஆம் ஆண்டில் அங்கு உழைத்தவருள் மிகப் பலர் பெண்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியரும் அவர்களிடையே இருந்தனர். ஏழைக் குடும்பத்தினர், பலர் அயர்லாந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியவரின் வழியினர்.

அக்காலத்துத் தீக்குச்சி இரு வகைப்படும். ஒன்று, எந்தச் சொரசொரப்பான இடத்தில் உரசினாலும் பற்றிக்கொள்வது. அதன் முனையில் வெண்பாஸ்பரஸ் சேர்ந்த கலவை பூசப்பட்டிருக்கும். மற்றொன்று, பெட்டியின் பக்கத்தில் உரசினால் மட்டுமே பற்றுவது. அதற்கு வேண்டிய செம்பாஸ்பரஸ் குச்சியில் இல்லாமல் பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டிருக்கும். வெண்பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. செம்பாஸ்பரஸ் அத்தகைய தீங்கு செய்வதன்று.

வெண்பாஸ்பரஸின் ஆவியை நாள்தோறும் மூச்சில் வாங்குவோருக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. முதலில் பல்வலி தோன்றும், பின் ஈறு வீங்கும், சீழ் வடியும், எலும்பு சிறிது சிறிதாக இற்றுப்போகும். நோயுற்ற தாடையை அறுத்தெடுப்பதன்றி வேறு மருத்துவம் அக்காலத்தில் இல்லை. முகம் உருக்குலைந்தவர் பலர், மாண்டவரும் உளர். சொத்தைப் பல் உள்ளவரை இந்நோய் எளிதில் பற்றியது. வேலை செய்யும் பலகையின் மேலேயே உணவை வைத்து உண்டதால், நஞ்சு உணவோடும் உட்புகுந்தது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தீங்கற்ற தீக்குச்சியைச் செய்யும் உரிமையைச் சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் என்பாரிடமிருந்து 1855ஆம் ஆண்டிலேயே விலைக்கு வாங்கியவர் இக்கம்பெனியாரே. நல்ல வழி இன்னதென்று அறியாமல் அவர்கள் தீய வழியில் தொழில் நடத்தினர் என்று கூற இடமில்லை. எங்கு உரசினாலும் பற்றும் குச்சி மலிவானது; மக்கள் அதனையே விரும்பி வாங்கினர். ஆகவே இரண்டையும் செய்து விற்றனர்.

ஊதியமும் தண்டமும்

நோய் மெல்ல வருவது, சிலருக்கு வருவது. ஆனால், வாரந்தோறும் எல்லாரையும் வருத்தியது வேறொன்று. அதுவே தண்டம்.

கோடைக் காலத்தில் காலை ஆறரை மணிக்கும், குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் தொடங்கும் வேலை மாலை ஆறு மணிக்கு முடியும். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி வாரத்திற்கு 4 ஷில்லிங் ஈட்டினாள். அவளுடைய தமக்கை 8 அல்லது 9 ஷில்லிங் ஈட்டினாள். இருவரும் குடியிருந்த ஓர் அறைக்கு வாரம் 2 ஷில்லிங் வாடகை. இந்தச் சிறு ஊதியத்திலும் பிடித்தம் உண்டு. கால் அழுக்காயிருந்தால் 3 பென்னி. பேசினால் 3 பென்னி. பற்றி எரிந்த குச்சிகளைப் பலகைமேல் வைத்தால் 1 ஷில்லிங். நேரங்கழித்து வந்தவளை அரைநாள் வெளியே நிறுத்தி, அவள் நாட்கூலியான 8 பென்னியில் 5 பென்னியைக் கழித்தனர். விரல் அறுபடாமல் காத்துக்கொள்ள முயன்றபோது பொறியில் சுருள் சிக்கிக்கொண்டதற்காக ஒருத்திக்கு 1 ஷில்லிங் தண்டம்! விரலைப் பாராதே, பொறியைப் பார் என்பதே அவளுக்குக் கிடைத்த அறிவுரை. வண்ணம், தூரிகை முதலிய தொழிற்பொருள்களுக்கும் தொழிலாளியரின் கூலியிலிருந்தே பணம் கழிக்கப்பட்டது.

அதே வேளையில், கம்பெனியின் பங்குதாரர்கள் முந்தைய ஆண்டில் நூற்றுக்கு 23 வீதம் இலாபப் பங்கு பெற்றனர். இவ்விவரங்களையெல்லாம் தொகுத்து எழுதியவர் பெசண்டு அம்மையார்.

கட்டுரையும் கையொப்பமும்

1888ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், பேபியன் சங்கத்தின் கூட்டமொன்றில் கிளமெண்டினா பிளாக் என்னும் அம்மையார் பெண் தொழிலாளர் நிலை குறித்துப் பேசினார். அங்கு இத்தொழிற்சாலையின் செய்தி எழுந்தது. அதனைக் கேட்ட பெசண்டு அம்மையார், ஹெர்பர்ட் பரோஸ் என்னும் நண்பருடன் சென்று பெண்களைக் கண்டு உசாவினார். தாம் நடத்திய ‘தி லிங்க்’ என்னும் கிழமை இதழில், ஜூன் 23ஆம் நாள், ‘இலண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’ என்ற தலைப்பில் கட்டுரை வெளியிட்டார்.

அக்கட்டுரை வேலைநிறுத்தம் செய்யுமாறு எவரையும் தூண்டவில்லை. இக்கம்பெனியாரின் பொருளை வாங்காதிருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்வதோடு அது நின்றது. கம்பெனியார் சினங்கொண்டனர். தாங்கள் மனநிறைவோடு இருப்பதாகவும், கட்டுரையிற் கண்டவை பொய்யென்றும் எழுதிய தாளொன்றில் கையொப்பமிடுமாறு பெண்களை வற்புறுத்தினர்.

பெண்கள் மறுத்துவிட்டனர். அதனையடுத்து ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்படவே, ஜூலைத் தொடக்கத்தில் மற்றவர்கள் வேலையை விட்டு வெளியேறினர். நாளடைவில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியே நின்றனர்.

தொடங்கியவர் யார்?

வேலைநிறுத்தம் நிகழ்ந்ததைப் பெசண்டு அம்மையார் பின்னரே அறிந்தார். ஏறத்தாழ 200 பெண்கள் கூட்டமாக நடந்து பிளீட் தெருவிலிருந்த அவருடைய அலுவலகத்தின் முன் வந்து நின்றனர். அவர்கள் சார்பில் மூவர் மேலே சென்று நடந்ததை எடுத்துரைத்தனர். தங்களுக்காகப் பேசியவரைப் பொய்யர் என்று கூறித் தங்களால் கையொப்பமிட இயலவில்லை என்பதே அவர்கள் கூறியதன் சாரம். அதன் பின்னரே அம்மையார் நிதி திரட்டினார்; இதழ்களில் எழுதினார்; கூட்டங்களிற் பேசினார். ஏறத்தாழ 50 பெண்கள் நாடாளுமன்றத்திற்குச் சென்று உறுப்பினரைக் கண்டு தங்கள் குறைகளைத் தாங்களே கூறவும் வழி செய்தார்.

மேலும், இது இப்பெண்களின் முதற் போராட்டமும் அன்று. 1871ஆம் ஆண்டில் தீக்குச்சிக்கு வரி விதிக்க அரசு முனைந்தபோது, கிழக்கு இலண்டன் தீக்குச்சித் தொழிலாளர் நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர், வரி கைவிடப்பட்டது. 1880களில் இதற்கு முன்னரும் இத்தொழிற்சாலையில் வேலைநிறுத்தங்கள் எழுந்து, வெற்றியின்றி முடிந்தன. வேலைநிறுத்த நிதி பெற்றவர்களின் பெயர், இருப்பிடம், பணிப்பிரிவு ஆகியவற்றைக் குறித்த பதிவேடு ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதனை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட லூயிஸ் ரா என்னும் வரலாற்றாசிரியர், இப்பெண்கள் வழியறியாது தவித்த சிறுமியர் கூட்டமல்லர், அண்டை அயலாராயும் உற்றாராயும் பிணைந்து தாங்களே முடிவெடுத்தவர்கள் என்று நிறுவினார்.

அவ்வாறாயின், அம்மையாரே நடத்தினார் என்ற கருத்து எவ்வாறு நிலைத்தது? எழுதத் தெரிந்தவரின் எழுத்து எஞ்சியது. உழைத்தவரின் பேச்சு காற்றோடு போயிற்று. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதியவர் பெசண்டு அம்மையார். சாரா சாப்மன் முதலிய தொழிற்பெண்டிர் அவ்வாறு எழுதி வைக்கவில்லை.

பெற்றவை

இலண்டன் தொழிற்சங்கப் பேரவையினர் இடைநின்று பேச, ஜூலை 17ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. தண்டங்கள் யாவும் ஒழிந்தன. வண்ணம், தூரிகை, முத்திரை முதலியவற்றுக்காகச் செய்த பிடித்தங்களும் ஒழிந்தன. குறைக்கப்பட்டிருந்த சில்லறைக் கூலிகள் மீண்டும் கிடைத்தன. உணவு உண்பதற்குத் தனியறை அமைக்கவும், சங்கம் அமைப்பதை ஏற்கவும் கம்பெனியார் இசைந்தனர்.

இவற்றோடு, பலரும் பாராட்டாது விடும் நிபந்தனை ஒன்றும் உண்டு. தொழிலாளியர் தங்கள் குறைகளைக் கண்காணிகளின் தலையீடின்றி நேரே நிருவாக இயக்குநரிடம் கூறலாம் என்பதே அது. மனுநீதிச் சோழனின் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியின் சிறப்பு யாது? வாயில்லாப் பசுவும் இடையில் எவரையும் வேண்டாமல் தானே அதனை அசைக்க முடிந்தது என்பதன்றோ! தண்டம் விதித்தவரிடமே சென்று தண்டத்தைப் பற்றி முறையிட வேண்டியிருந்த பெண்கள், தங்களுக்கும் அத்தகைய மணி ஒன்றைக் கேட்டுப் பெற்றனர்.

ஜூலை 27ஆம் நாள் சங்கத்தின் முதற்கூட்டம் நடந்தது. பன்னிருவர் கொண்ட குழுவைப் பெண்கள் தேர்ந்தெடுத்தனர்; பெசண்டு அம்மையார் செயலாளரானார். மறு ஆண்டில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, தீக்குச்சிப் பெண்டிரின் வெற்றி அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாய் விளங்கிற்று.

பெறாதவை

தண்டம் ஒழிய இரண்டு வாரம் போதியதாயிற்று. நஞ்சு ஒழிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தனி உணவறை நஞ்சை ஓரளவு தடுத்தது. ஆயினும், வெண்பாஸ்பரஸைக் கைவிட வேண்டும் என்பது உடன்பாட்டில் இடம்பெறவில்லை. 1891ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையார் செம்பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து, நஞ்சின்றியும் இத்தொழிலை நடத்தலாம் என்று காட்டினர். 1895ஆம் ஆண்டுச் சட்டம், பாஸ்பரஸ் நோய் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு 17 பேரின் நோயை அறிவிக்காது மறைத்ததற்காக 1898ஆம் ஆண்டில் பிரையண்ட் அண்ட் மே கம்பெனியார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். விதிக்கப்பட்ட தண்டம் 25 பவுன் 9 ஷில்லிங். ஏழைச் சிறுமியின் அழுக்குக் காலுக்குத் தண்டம் விதித்தவர்கள், பதினேழு பேரின் தாடைக்குச் செலுத்திய தண்டம் இதுவே!

1901ஆம் ஆண்டில் கம்பெனியார் வெண்பாஸ்பரஸைக் கைவிட்டனர். 1906ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதனைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் 1908ஆம் ஆண்டிலும், இந்தியா 1913ஆம் ஆண்டிலும் தடைச் சட்டம் இயற்றின. கண்ணுக்குத் தெரியும் கொடுமையை வேலைநிறுத்தம் அகற்றியது. கண்ணுக்குத் தெரியாது உடலில் ஊறும் கொடுமையை அகற்ற, மருத்துவ ஆராய்ச்சியும், அரசின் சட்டமும், நாடுகளின் ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. ஒரு தொழிற்சாலை மட்டும் நஞ்சை விட்டால், மலிவாக விற்கும் மற்றொன்று சந்தையைப் பிடித்துக்கொள்ளும். எல்லாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டமே அதற்கு மருந்து.

சென்னையிலும் அதே வழி

இந்நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி. பி. வாடியா, பெசண்டு அம்மையாரின் உடனுழைப்பாளர். திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவருள் ஒருவர். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்கு நண்பகல் உணவுக்குக்கூடப் போதிய நேரமில்லை என்பது அவர்கள் குறைகளுள் ஒன்று. இங்கும் தலைவர் தாமாக வரவில்லை. ஆலைத் தொழிலாளரோடு நெருங்கிப் பழகிய செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் தேடிச் சென்று அழைத்த பின்னரே வாடியா வந்தார். குறையுற்றோர் பக்கமிருந்து முதல் அடி எடுத்து வைக்கப்பட்டது. கற்றோர் அதன்பின் கைகொடுத்தனர்.

முடிவுரை

சங்கத்தின் முதற் குழுவில் இடம்பெற்ற சாரா சாப்மன் 1945ஆம் ஆண்டில் மறைந்தார். பெயர் பொறித்த கல்லுமின்றிப் பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டார். தொழிற்சாலை இருந்த கட்டடம் இன்று குடியிருப்பாகிவிட்டது. அதன் சுவரில், தீக்குச்சிப் பெண்டிரின் வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் நினைவுப் பலகை 2022ஆம் ஆண்டில் பதிக்கப்பட்டது. நூற்று முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து வந்த சிறு நன்றி அது.

ஆகவே, பெசண்டு அம்மையாரின் வரலாற்றை மாணவருக்குக் கூறும்போது அந்த ஒரு வரியைச் சற்றே மாற்றிக் கூறலாம். இலண்டன் தீக்குச்சித் தொழிற்பெண்டிர் பொய்க் கையொப்பமிட மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். பெசண்டு அம்மையார் அவர்களுக்குத் துணை நின்றார் என்பதே சரியான வரி. இவ்வாறு கூறுவதால் அம்மையாரின் புகழ் குறைவதில்லை. வாரம் 4 ஷில்லிங் கூலியை இழக்கத் துணிந்த பெண்களுக்கு உரியது அவர்களிடம் போய்ச் சேரும்.