மலைச் சாலையும் மிதிவண்டியும்

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பர். அந்த ஏழைகளுள் மிதிவண்டி வைத்திருப்போர் படும் பாட்டை எவரும் எழுதி நான் படித்ததில்லை. எனவே, மலையிலிருந்து கல்லூரிக்கு வந்துள்ள நானே எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் சேர்வராயன் மலையிலுள்ள மஞ்சக்குட்டை. காபித் தோட்டங்களுக்கு இடையே ஓடும் எங்கள் சாலையில் சமதரை என்பது அரிது. ஏறுவோம், அல்லது இறங்குவோம். 11-ஆம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியே எங்களில் பலருக்கும் இன்றுவரை துணை. கியர் இல்லாத, சமதரைக்கு ஏற்ற நல்ல வண்டி. அதை வைத்துக்கொண்டு மலையில் திண்டாடும் தம்பிமார்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "அண்ணா, காசு சேர்த்துட்டேன். எந்த கியர் வண்டி வாங்கலாம்?" நான் சொல்லும் விடை அவர்களுக்குப் பிடிப்பதில்லை. "முதலில் இருக்கிற வண்டிக்கு பிரேக் கட்டை மாற்று" என்பேன்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரம் சுமார் 278 மீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொண்டால், இவ்வுயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 9.7 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதையும் தாங்க வேண்டியவை, விரல் பருமனுள்ள நான்கு ரப்பர் கட்டைகளும் இரண்டு ரிம்களுமே.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகே, 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் மலையிறங்கும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் அதனுள் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடியும் அடைத்தாக வேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்தது. பின்னர் டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியையும் கியரையும் பூட்டிப் பார்த்தனர். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே புதிய பிரேம் செய்தார். இன்று கடைகளில் 'மவுன்டன் பைக்' என்று விற்பதன் பிறப்பு இதுதான்.

நம் வண்டிக்கு வருவோம். இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் வழித்தெடுக்கப்பட்ட பிறகே பிடிக்கும். வளைவு அதுவரை காத்திராது. ஆகவே மழையிலும் பனிமூட்டத்திலும் வளைவுக்கு வெகு முன்னரே கட்டையை லேசாக உரசவிட வேண்டும். அலுமினிய ரிம் இவ்வகையில் எவ்வளவோ மேல். செலவு செய்ய மனமிருந்தால், கியருக்கு முன் இதற்குச் செய்யலாம்.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆனால் வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பாரமிழந்த பின்சக்கரத்தை மட்டும் பிடித்தால் அது சறுக்கும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே முறை. இறக்கம் முழுவதும் பிடித்தபடியே வருவதும் கூடாது. நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றையும் பிரேக்காகப் பயன்படுத்திக்கொண்டால் ரிம் ஆறும்.

அடுத்தது சீட்டின் உயரம். குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள் நாம். வளர்ந்த பின்னும் சீட்டைத் தாழ்த்தியே ஓட்டி, மூட்டு வலிக்கு மலையைக் குறை சொல்கிறோம். பெடல் அடியில் இருக்கையில் அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் அளவாக மடங்கும். சீட்டுக் கம்பியிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தினால் கம்பி முறிய இடமுண்டு. அந்த அளவு உயரம் தேவைப்படுவோர்க்கு வேண்டியது பெரிய பிரேம்.

செயினைச் சோதிக்க நம் பென்சில் டப்பாவிலுள்ள அடிக்கோல் போதும். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பிரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும்.

இப்போது தம்பிமார்கள் கேட்ட கியர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள பெரிய சைக்கிள், பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடும். முன்னும் பின்னும் 28 பல்லில் போட்ட கியர் வண்டி 2 மீட்டர்தான் ஓடும். ஏற்றத்தில் அதன் சுகமே தனி, மறுக்கவில்லை. ஆயினும் மலிவான கியர் வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே, செயினைத் தள்ளும் பின் கருவி வளைந்து போக்ஸ் கம்பிகளில் சிக்கக்கூடும். முன்னால் இருக்கும் ஸ்பிரிங், தார்ச்சாலை ஏற்றத்தில் வெறும் சுமை. மிதிக்கும் பலத்திலும் ஒரு பங்கைத் தின்னும்.

குறைந்த செலவில் ஒரு வழி உண்டு. 18 பல் பிரீவீலைக் கழற்றி 22 பல் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர், மிதிக்கும் பளு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். சமதரையில் வேகம் போகும் என்பது உண்மைதான், ஆனால் மஞ்சக்குட்டையில் சமதரை ஏது? பல் கூடுவதால் செயினின் நீளமும் சிறிது கூட வேண்டும். தேய்ந்த பழைய செயின் புதுப் பிரீவீலில் பல் தாண்டும். ஆகையால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.