அடிக்கட்டையும் பொரி உருண்டையும்

“கொல்லையில் இருந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டோம். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதைத் தோண்டியெடுக்க, மரம் வெட்டிய கூலியைவிட அதிகம் கேட்கிறார்கள். யூரியா போட்டு மூடினால் தானே மட்கிவிடும் என்கிறது ஒரு வீடியோ. எப்சம் உப்பு என்கிறது இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொல்கிறார். எதை நம்புவது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைச் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டபோதும் மரத்தை அறுத்து அகற்ற ஆள் கிடைத்தார்கள். தூரை அகற்றத்தான் ஆள் கிடைக்கவில்லை. அந்த இடத்தை இப்போது வீடியோ வைத்தியர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மருந்துகளை எடைபோட வேண்டுமானால், அடிக்கட்டையை உண்மையில் தின்பது யார், எப்படித் தின்கிறது என்பது தெரிய வேண்டும்.

தின்பது பூஞ்சை. அது எப்படித் தின்கிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

மரக்கட்டையில் ஏறத்தாழ பாதி செல்லுலோஸ். கால் பங்கு லிக்னின். செல்லுலோஸ் சர்க்கரைச் சங்கிலி என்பது பள்ளிப் பாடம், அதை விட்டுவிடுவோம். கார்த்திகைக்குச் செய்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிதான் செல்லுலோஸ், அதைப் பிடித்து வைத்திருக்கும் வெல்லப்பாகுதான் லிக்னின். பாகு பதம் தப்பி முற்றிப்போனால் உருண்டை என்ன கதியாகும் என்று தெரியுமல்லவா? கடித்தால் பல் போகும். மரம் என்பது பதம் முற்றிய உருண்டை.

பூஞ்சைக்கு வேண்டியது பொரி. ஆனால் பாகு விடாது. பொதுவாக ஒரு செரிமான நொதி, தனக்குப் பொருந்தும் பிணைப்பைக் கண்டுபிடித்து, அங்கே நீரை நுழைத்து வெட்டும். செல்லுலோஸில் ஒரே மாதிரியான பிணைப்பு மறுபடி மறுபடி வருவதால் இந்த வேலை சுலபம். லிக்னினில் அந்த ஒழுங்கே கிடையாது. மரம் அதைக் கட்டும்போதே, துண்டு மூலக்கூறுகள் கைக்குக் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பாகில் எந்தப் பொரி எங்கே ஒட்டும் என்று உருண்டை பிடிக்கும் பாட்டிக்கே தெரியாது. ஒழுங்கில்லாத பொருளுக்கு அளவெடுத்த நொதி செய்ய முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. பூஞ்சையின் நொதிகள் பெரிய மூலக்கூறுகள். அழுகாத மரத்தின் செல் சுவரிலுள்ள நுண்துளைகளில் அவை நுழையவே முடியாது. பல் உள்ளே போகாது. அப்படியானால் என்ன போகும்? எச்சில் போகும்! வெள்ளை அழுகல் பூஞ்சைகள் செய்வது அதைத்தான். நொதி வெளியிலேயே நின்றுகொண்டு, மரத்தில் இயல்பாகவே இருக்கும் மாங்கனீசு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த மாங்கனீசை, பூஞ்சையே சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கையில் பிடித்துச் செல் சுவருக்குள் கூட்டிப்போகிறது. அங்கே அது லிக்னினிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துத் தன் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்கிறது. இப்போது நிலைகுலைந்து நிற்பது லிக்னின். அதன் பிணைப்புகள் தாமாகவே அங்குமிங்கும் உடைகின்றன. மாங்கனீசு திரும்பி வந்து அடுத்த நடைக்குத் தயாராகிறது. வெட்டுவதற்கு இடம் தேடவேண்டியதில்லை. எங்கே வேண்டுமானாலும் உடையட்டும் என்று விட்டுவிடுகிற முறை இது. ஒழுங்கில்லாத பொருளை ஒழுங்கில்லாமலேயே உடைப்பது.

இந்தப் பிடுங்கலுக்கு வேண்டிய வலிமை நொதிக்கு எங்கிருந்து வருகிறது? காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு பூஞ்சை தயாரிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து. நொதியின் நடுவில் இருப்பது ஹீம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புச் சேர்மம். இந்த ஏற்பாட்டை 1987-இல் கென்ட் கிர்க்கும் ராபர்ட்டா ஃபாரலும் ‘நொதிவழி எரிதல்’ என்று வர்ணித்தார்கள். தீயில்லை, புகையில்லை, ஆனால் முடிவில் கிடைப்பது அடுப்பில் கிடைப்பதைப் போலவே கரியமில வாயுவும் நீரும்தான்.

பாகு கரைந்துபோன கட்டை வெளுத்து, நார்நாராகக் கிழியும். பழுப்பு அழுகல் பூஞ்சைகள் இதற்கு நேர் எதிர். அவை பாகை ஓரளவு அசைத்துவிட்டு, பொரியை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போகும். மிஞ்சுவது சதுரம் சதுரமாக வெடித்த பழுப்புச் சக்கை. அந்த ரகத்துக்கு ஊசியிலை மரங்கள்தான் அதிகம் பிடிக்கும். நம் வேம்பு, புங்கன் வகையறாக்களில் பெரும்பாலும் வெள்ளை அழுகலின் கைவண்ணத்தைத்தான் பார்க்கலாம்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், அறுந்தால் அறுந்து போகட்டும். முற்றிய உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு பொறுமையாக ஊறவைப்பவனுக்குப் பசி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டு வடையை வைத்தால் உருண்டையை அவன் ஏன் தொடப்போகிறான்? யூரியா அந்த வடை. மரக்கட்டையில் நைட்ரஜன் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. யூரியாவில் 46 சதவீதம். பஞ்சத்தில் வாடும் பூஞ்சைக்கு நைட்ரஜன் கொடுத்தால் வேகமாக வேலை செய்யும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட வெள்ளை அழுகல் பூஞ்சையான ஃபெனரோகீட் கிரைசோஸ்போரியம், நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் லிக்னினை உடைக்கும் நொதிகளையே உருவாக்க ஆரம்பிக்கிறது என்று 1978-இல் வெளியான ஆய்வு காட்டியது. நைட்ரஜன் தாராளமாக இருந்தால் லிக்னின் பக்கமே திரும்பாது.

எல்லாப் பூஞ்சைகளுக்கும் இந்த விதி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிப்பிக்காளான் குடும்பத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. கட்டையின் மேற்பரப்பில் எளிதாகக் கிடைக்கும் சர்க்கரைகளைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கும் சில்லறைப் பூஞ்சைகளுக்கும் யூரியா உதவவும் செய்யும். ஆனால் “யூரியா போட்டால் சில மாதங்களில் கட்டை மாயம்” என்ற வாக்குறுதிக்கு வேதியியலில் ஆதாரமில்லை.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக ஒரே ஒரு பத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் வரை, மரம் அழுகுவதால்தான் காளான் முளைக்கிறது என்று நம்பினார்கள். அதைத் திருப்பிப் போட்டு, காளானால்தான் மரம் அழுகுகிறது என்று காட்டியவர் ஜெர்மனியின் ராபர்ட் ஹார்ட்டிக். அவருடைய நூல் 1878-இல் வந்தது. 1917-இல் இன்னொரு ஜெர்மானியர், ரிச்சர்டு ஃபால்க், வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலேயே சிப்பிக்காளான் வளர்த்துக் காட்டினார். லிக்னினை உடைக்கும் முதல் பெராக்சிடேஸ் நொதியை 1983-இல் இரண்டு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. போதும்.

இந்தத் துறையில் ஆரவாரத்துக்கும் குறைவில்லை. கார்பனிஃபெரஸ் காலத்தில் லிக்னினைத் தின்னும் பூஞ்சையே தோன்றவில்லை, அதனால்தான் மரங்கள் மலையாகக் குவிந்து நிலக்கரியாயின என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின என்று மரபணுக்களைக்கொண்டு கணித்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. 2016-இல் வந்த மறுஆய்வு அதன் காற்றைப் பிடுங்கிவிட்டது. அன்றைய நிலக்கரித் தாவரங்கள் பலவற்றில் லிக்னின் அவ்வளவாக இல்லை. ஓயாத ஈரமும், தாழ்ந்துகொண்டே போன நிலப்படுகைகளுமே நிலக்கரியை விளக்கப் போதும் என்றது. ‘பிளாஸ்டிக்கைத் தின்னும் காளான்’ செய்திகளையும் இதே ஜாக்கிரதையோடு படியுங்கள். குடுவையில் நடப்பதெல்லாம் குப்பைக்கிடங்கில் நடக்கும் என்று எந்தக் காளானும் எழுதிக் கொடுக்கவில்லை.

இனி வாசகரின் கட்டைக்கு வருவோம். மேலே சொன்ன வேதியியலுக்கு இரண்டு பொருள்கள் கட்டாயம் வேண்டும்: நீர், ஆக்சிஜன். ஈரம், மரத்தின் உலர் எடையில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை கையைக் கட்டிக்கொள்ளும். அதனால்தான் வெயிலில் காய்ந்து வெடித்த கட்டை வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஒரேயடியாக நீரில் மூழ்கினாலும் ஆக்சிஜன் கிடைக்காது. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை கெடாமல் கிடப்பதற்கு அது முக்கியக் காரணம். ஆக, கட்டை நனைந்திருக்க வேண்டும், மூழ்கியிருக்கக் கூடாது. தரைமட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ அறுத்துவிட்டு, மேலிருந்து டிரில்லால் ஆழமான துளைகள் போட்டு, மட்கிய இலையும் மண்ணும் மூடி, கோடையில் அவ்வப்போது தண்ணீர் காட்டினால் போதும்.

அதற்கு முன் கட்டை சாக வேண்டும். வேம்பும் புங்கனும் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்ப்பதில் கெட்டிக்காரர்கள். வேரில் சேமித்த மாவுச்சத்து இருக்கும்வரை விடமாட்டார்கள். உயிருள்ள மரம் பூஞ்சையை எதிர்த்துப் போராடவும் செய்யும். துளிர்களை முளைக்க முளைக்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் சேமிப்பு தீர்ந்துபோகும். செலவில்லாத வழி இதுதான்.

எப்சம் உப்பு? அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்து மட்டை மஞ்சளாகும் தென்னைக்கு நாம் உரமாகப் போடுவதும் அதையேதான். அளவுக்கு மீறிக் கொட்டினால் வேரைக் காயவைக்கும், உண்மைதான். சமையல் உப்பும் அப்படியே. ஆனால் உப்பு பூஞ்சையையும் விரட்டும். ஊறுகாயில் உப்புப் போடுவதும் அதற்காகத்தானே? கட்டையைக் கொன்று, அதைத் தின்ன வருபவரையும் விரட்டி, மண்ணையும் கெடுப்பதற்குப் பெயர் வைத்தியமல்ல. கொளுத்துவது அதைவிட மோசம். ஈரக்கட்டை எரியாது, காய்ந்த கட்டையில் பிடித்த நெருப்போ வேர் வழியாக மண்ணுக்குள் கனன்று, நினைக்காத இடத்தில் தலைகாட்டும்.

சிப்பிக்காளான் விதையைத் துளையில் அடைத்தால் காளானும் ஆச்சு, கட்டையும் போச்சு என்று ஆசைப்படுபவர்கள், வெட்டிய புதிதிலேயே, வேறு பூஞ்சை குடியேறுமுன் செய்ய வேண்டும். மென்மையான மரங்களில் முயன்று பார்க்கலாம். பூஞ்சைக்கு ஒவ்வாத கசப்புச் சரக்கு நிறைந்த வேம்பின்மேல் நான் பந்தயம் கட்டமாட்டேன். கட்டையில் முளைத்த காளான் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மட்கட்டும் என்று விடக்கூடாத கட்டைகளும் உண்டு. முதலாவது தென்னை. அது மறுபடி துளிர்க்காது என்பது ஆறுதல். ஆனால் அழுகும் தென்னந்தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழுக்கள் அங்கேயே வளர்ந்து, வண்டாகி, நல்ல மரத்தின் குருத்தைக் குடையும். மரம் தஞ்சாவூர் வாடல் நோயில் செத்திருந்தால் இன்னும் ஆபத்து. 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்த இந்த நோயைப் பரப்பும் கேனோடெர்மாவும் ஒரு வெள்ளை அழுகல் பூஞ்சைதான். நாம் இவ்வளவு நேரம் வியந்த அதே வித்தையை அது தென்னையின் அடித்தண்டில் காட்டுகிறது. அந்தத் தூரைக் குழியில் மட்கவிட்டால் பக்கத்து மரத்துக்கு நோயை நாமே வளர்த்துக் கொடுப்பதாகும். வேரோடு தோண்டி அப்புறப்படுத்தத்தான் வேண்டும்.

இரண்டாவது, சுவரை ஒட்டிய கட்டை. நம் மண்ணில் பரவலாக இருக்கும் கரையான்களில் ஒரு பெரும்பகுதி, புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வைத்து, லிக்னினை உடைக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்திருக்கின்றன. மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல். ஈரக்கட்டையில் கூட்டம் சேர்த்தவை பக்கத்திலேயே கதவு நிலை இருந்தால் விட்டுவைக்குமா? கட்டடங்களைக் கரையானிடமிருந்து காப்பதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313, மனையிலுள்ள அடிக்கட்டைகளையும் வேர்களையும் முதலில் அகற்றச் சொல்வது காரணத்தோடுதான்.

வாசகர் எழுதாமல் விட்டது அதைத்தான்: கட்டைக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம்? சுவரை ஒட்டியிருந்தால் கேட்கிற கூலியைக் கொடுத்துத் தோண்டியெடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடும் வேரை மட்டும் ஜேசிபியால் இழுக்க விடாதீர்கள். கொல்லைக் கோடியில் இருந்தால் அறுத்து, துளைத்து, மூடி, நனைத்துவிட்டு, வருடங்கள் ஆகும் என்ற நினைப்போடு விட்டுவிடுங்கள். யூரியா மூட்டையை வயலுக்கு அனுப்பிவிடுங்கள்.