உப்பின் தலைகீழ்க் கோபுரம்

படிகங்களின் வடிவத்தில் ஆற்றல் குடியிருப்பதாகச் சொல்லி நடக்கும் வணிகம் அடுப்பங்கரை உப்பையும் விட்டுவைக்கவில்லை. 'பிரமிட் உப்பு' என்ற பெயரில் கல்லுப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்படும் செதில்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், நான்கு சரிந்த சுவர்களும் படிப்படியான அடுக்குகளும் உள்ளே வெற்றிடமும் கொண்ட சிறு கோபுரங்கள் உண்மையாகவே தென்படுகின்றன. அவற்றுக்குத் தனிச் சக்தி உண்டு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்றாலும், கனசதுரமாக வளர வேண்டிய உப்பு எவ்வாறு கோபுரமாயிற்று என்ற கேள்வி, எந்த விளம்பரமும் தொடாத ஓர் அழகான விடையை உடையது.

ஒரு கனிமத்தின் அணுக்கள் அடுக்கப்படும் ஒழுங்கு மாறாதிருக்க, அதன் புறத்தோற்றம் மட்டும் பிறந்த சூழலுக்கேற்ப மாறுவதைக் கனிமவியலார் 'வளர்வடிவம்' என்கின்றனர். பைரைட் என்ற இரும்பு சல்பைடு ஓரிடத்தில் கனசதுரமாகவும், மற்றோரிடத்தில் பன்னிரண்டு ஐங்கோண முகங்களோடும், சேற்றுப் படிவுகளில் நுண்மணிகள் திரண்ட உருண்டையாகவும் கிடைக்கிறது. உப்பும் அப்படியே கனசதுரமாகவும், நாராகவும், கிளைவிட்ட செடி போலவும் வளர வல்லது.

வரலாற்றில் இங்கு வேண்டுவது சிறிதே. ஒரே வகைப் படிகத்தில் ஒத்த முகங்களுக்கிடையிலான கோணம் மாறுவதில்லை என்று நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதினார். சிறுநீர் கலந்த கரைசலில் உப்பு எண்முகியாக வளர்வதை ரோமே தெ லில் 1783-இல் பதிவு செய்தார். உப்பின் உள்ளடுக்கை பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு 1913-இல் வெளிப்படுத்தினர்.

இனி விடைக்கு வரலாம். அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நீர் ஆவியாகி அந்த எல்லையைத் தாண்டிய கரைசல் 'மீதெவிட்டிய' நிலையை அடைந்து, மிகுதியான சோடியம், குளோரைடு அயனிகளைப் படிகத்திடம் ஒப்படைக்கத் தொடங்குகிறது. அசையாத கரைசலில் இந்த அயனிகள் தாமாகத் தத்தளித்துப் பரவியே படிகத்தை அடைய வேண்டியிருப்பதால், படிகத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் வரவு ஒரே அளவாக அமைவதில்லை. கனசதுரத்தின் ஒரு மூலையைச் சுற்றியுள்ள வெளியில் எட்டில் ஏழு பங்கு கரைசல். விளிம்பைச் சுற்றி எட்டில் ஆறு பங்கு. முகத்தின் நடுவிலோ நான்கு பங்குதான். மூலைக்கு எல்லாத் திசையிலிருந்தும் உணவு வருகிறது, நடுப்பகுதிக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது.

சதுரமான ஒரு பந்தலில் இடைவெளியே இல்லாமல் இலை போட்டு விருந்தினர் நெருங்கி அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். பரிமாறுபவர் உள்ளே நுழைய வழியில்லை. ஓரத்தில் இருப்பவர் வாங்கி உள்ளே கைமாற்றிவிட்டால்தான் நடுவில் இருப்பவருக்குச் சோறு. விருந்து நிதானமாக நடந்தால் கைமாறும் உணவு நடுவரை சென்று சேர்ந்து, எல்லோரும் உண்டு முடித்த பிறகே அடுத்த பந்தி தொடங்கும். மெல்ல வளரும் படிகத்தில் முகம் வழவழப்பாக அமைவது இவ்வாறுதான்: விளிம்பில் தொடங்கும் ஓர் அடுக்கு நடுவரை ஊர்ந்து நிறைந்த பின்னரே அடுத்த அடுக்கு எழுகிறது. வரவு மிகுந்து அவசரம் கூடும்போது, நடுவிலுள்ளவர் இலையில் சோறு விழுமுன்பே ஓரத்தில் அடுத்த பந்தி அமர்ந்துவிடுகிறது. படிகத்தின் விருந்தில் உண்டவர் எழுந்து போவதில்லை. அவரே அடுத்த பந்திக்குத் தரையாகிறார். ஆகவே பந்திமேல் பந்தியாக ஓரங்கள் உயர்ந்துகொண்டே போக, பசித்த நடுப்பகுதி பள்ளமாகி, கோயில் குளத்தின் படிகளைப் போன்ற அடுக்குகள் தோன்றுகின்றன. அரவை ஆலையில் தானியம் கொட்டும் வாயகன்ற பெட்டியை ஒத்திருப்பதால் இதற்கு 'ஹாப்பர் படிகம்' என்று பெயர்.

கோபுரம் உருவாக இன்னும் ஒரு செயல் தேவை. உப்பின் அடர்த்தி 2.17, தெவிட்டிய உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 என்பதால் படிகம் மூழ்கியாக வேண்டும். எனினும் நீர்ப்பரப்பில் பிறந்த நுண்ணிய கனசதுரத்தைப் பரப்பு இழுவிசை தாங்கிப் பிடிக்கிறது. ஆவியாதல் நிகழும் மேற்பரப்பிலேயே கரைசல் மிகவும் செறிந்திருப்பதால், நீர்மட்டத்தைத் தொடும் நான்கு மேல்விளிம்புகள் மட்டும் விரைந்து வெளிப்புறமாக வளர்ந்து ஒரு சதுரச் சட்டமாகின்றன. எடை கூடிப் படிகம் இம்மியளவு தாழ்கிறது. தாழ்ந்த சட்டத்தின்மேல், நீர்மட்டத்தில், அதைவிடப் பெரிய அடுத்த சட்டம் எழுகிறது. இவ்வாறு தாழ்வதும் விரிவதும் மாறி மாறி நிகழ, முனை கீழ்நோக்கிய உள்ளீடற்ற கோபுரம் ஒன்று நீரில் மிதக்கிறது. காற்றடித்து நீர் கலங்கினால் அது நிறைந்து மூழ்கிவிடும். உப்பளத்துப் பாத்திகளிலும் காற்று ஓய்ந்த வேளைகளில் இத்தகைய படிகங்கள் மிதப்பதைக் காணலாம்.

வடிவம் ஒரு படிகத்தின் பிறப்புச் சான்றிதழ் என்பதைப் பாறைகளும் காட்டுகின்றன. பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில், 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செந்நிறக் களிப்பாறைகளில் கனசதுர உப்புப் படிகங்களின் அச்சுகள் உள்ளன. உப்பு எப்போதோ கரைந்துபோயிற்று, ஆனால் ஆழமற்ற உவர்நீர் அங்கு வற்றியது என்ற செய்தி நிலைத்துவிட்டது. 'இமயமலை உப்பு' என்று விற்கப்படும் இளஞ்சிவப்பு உப்பு இதே மலைத்தொடரின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. அதன் நிறத்துக்குக் காரணம் இரும்புச் சேர்மங்கள். மருந்து என்று போற்றத்தக்க எதுவும் அதில் இல்லை.

பிரமிட் உப்பு மெல்லிய சுவர்களால் ஆனது என்பதால் நாவில் எளிதில் நொறுங்கி விரைவாகக் கரையும். அந்த மொறுமொறுப்புக்காக ஒருவர் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. நலம் பெருகும் என்று நம்பிக் கொடுப்பது வீண். குழம்பில் கரைந்த பிறகு கோபுரத்திலிருந்து வந்த சோடியம் அயனிக்கும் கல்லுப்பிலிருந்து வந்த சோடியம் அயனிக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

கோபுரத்தைக் காண விரும்புவோர் காசு செலவிட வேண்டியதில்லை. வெந்நீரில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்து, தெளிவை வடிகட்டி, அகன்ற தட்டில் ஊற்றி, காற்றும் அசைவும் இல்லாத மூலையில் வைத்து, நீரின் மேற்பரப்பைக் கண்ணாடியால் நோக்கிவர வேண்டும். தட்டை மட்டும் நகர்த்தக் கூடாது.