தெருவுக்கு ஒரு சங்கம்: கோயில் நகரில் குடியிருப்போர் நலச்சங்கம் நடத்துவது எப்படி?

மஹல்லாவில் ஒரு பிரச்சினை என்றால் ஜமாஅத் தலைவரிடம் போய் நிற்பது நமக்குப் பழக்கம். திருமணப் பதிவு, குடும்பத் தகராறு, மையவாடி, மதரஸா என்றால் அதுதான் சரியான இடம். ஆனால் வாறுகால் அடைத்துக்கொண்டால்? அந்த வாறுகால் நம் தெருவில் தொடங்கி, செட்டியார் வீட்டைத் தாண்டி, தறிக்கூடத்துக்குப் பின்னால் போய், இன்னொரு சமுதாயத்தினர் குடியிருக்கும் தெருவில் முடிகிறது. ஜமாஅத் லெட்டர்பேடில் மனு கொடுத்தால் நகராட்சி அலுவலகத்தில் அதை ‘முஸ்லிம்கள் தெருப் பிரச்சினை’ என்று ஒரு கோப்பில் போட்டு வைப்பார்கள். அதே மனுவில் நான்கு சமுதாயத்தினரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும். குடியிருப்போர் நலச்சங்கம் எதற்கு என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

“நமக்குத்தான் ஜமாஅத் இருக்கிறதே, இன்னொரு சங்கம் எதற்கு?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்பே, இளமைக் காலத்தில், மக்காவில் ஒரு உடன்படிக்கையில் கலந்துகொண்ட வரலாறு நமக்குத் தெரியும். யமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார் மக்காவின் பெரும்புள்ளி ஒருவர். அதையொட்டி அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் பல குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். இஸ்லாம் வந்த பிறகும் அந்த உடன்படிக்கையை நபியவர்கள் மதிப்போடு நினைவுகூர்ந்தார்கள். ஊர்ப் பொது விஷயத்துக்கு ஊரோடு சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்ல.

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தின் முக்கியமான நகராட்சி. நடுவில் சங்கரநாராயண சுவாமி கோயில், அதைச் சுற்றி ரத வீதிகள், அவற்றிலிருந்து கிளைக்கும் தெருக்களும் முடுக்குகளும். விசைத்தறியும் பூச்சந்தையும் பலருக்குச் சோறு போடுகின்றன. ஆடித்தபசு வந்துவிட்டால் சுற்றுவட்டார மக்கள் எல்லாம் ஊருக்குள் வந்து இறங்குகிறார்கள். இப்படி ஒரு பழைய ஊரில் சங்கம் நடத்துவது, புறநகரில் புதிதாக மனை பிரித்த நகரில் நடத்துவது போன்றதல்ல. அங்கே பார்க்கும் பூங்காவும் வாயில்காவலரும் இங்கே கிடையாது. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆட்டோ நுழைய முடியாத முடுக்கில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்பதே இங்கே கேள்வி.

இத்தகைய தெருக்களில் முதலில் கவனிக்க வேண்டியது சாலை மட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ரோடு போட்டால் நல்லது என்று நினைத்து மாலை போட்டு வரவேற்றுவிட்டு, மழைக்காலத்தில் அழுகிறோம். பழைய சாலையை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடும்போது ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது. இரண்டு மூன்று முறை போட்டால் வாசற்படி மறைந்து, திண்ணை தெருவோடு தெருவாகிவிடும். பிறகு மழைத்தண்ணீருக்குப் போக வேறு வழி ஏது? வீட்டுக்குள்தான். வசதி உள்ளவர் வீட்டை இடித்துவிட்டு உயர்த்திக் கட்டிவிடுவார். விதவைத் தாயும், வாடகைக்கு இருப்பவரும் வாளியோடு நிற்பார்கள்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு (‘மில்லிங்’ என்கிறார்கள்) மட்டம் உயராமல்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அறிவுறுத்தல் இருக்கிறது, அது நம் தெருவின் எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? சங்கம்தான் பார்க்க வேண்டும். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கட்டணத்துடன், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போதும். இந்தச் சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், பழைய சாலையை அகற்றுவதற்கு ஒதுக்கிய தொகை என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஜல்லி இறங்கிய பிறகு இதைச் செய்து பயனில்லை. டெண்டர் பேச்சு காதில் விழும்போதே, ஒவ்வொரு வீட்டு வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, புகைப்படம் எடுத்து, மனுவோடு இணைத்துவிட வேண்டும். நம் பிள்ளைகளில் சிவில் டிப்ளமோ படித்தவர் ஒருவராவது இல்லாத தெரு இல்லை. அவருக்கு வேலை கொடுங்கள்.

அடுத்தது திருவிழாக் காலம். ஆடித்தபசு நாட்களில் கழிப்பறை, குப்பை, வண்டி நிறுத்தம் ஆகிய மூன்றிலும் தெருவாசிகள் படும் பாடு மதம் பார்த்து வருவதில்லை. திருவிழா முடிந்த பிறகு புகார் சொல்வதைவிட, ஆனி மாதமே நகராட்சி ஆணையரையும் காவல் நிலையத்தையும் கோயில் நிர்வாகத்தையும் சங்கத்தின் சார்பில் சந்திப்பது நல்லது. எந்த முடுக்கு அவசர வழிக்குத் திறந்திருக்க வேண்டும், நடமாடும் கழிப்பறை எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கைவரைபடமாகக் கொடுங்கள். இதில் சகோதர சமுதாய நண்பர் ஒருவர் முன்னே நடக்க, நாம் உடன் போவதுதான் அழகு. நம் பண்டிகைக்கு அவர்கள் உடன் வருவார்கள்.

தரைக்கடைக்காரர் விஷயத்தில் பல சங்கங்கள் சறுக்குகின்றன. வீட்டுக்காரர்கள் கூடினாலே “கடைகளை அப்புறப்படுத்துங்கள்” என்பதுதான் முதல் தீர்மானமாக வருகிறது. அந்தக் கடைக்காரர்களில் நம் உறவினரும் இருப்பார்கள், பக்கத்துத் தெரு ஏழைப் பெண்ணும் இருப்பார். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அக்குழுவில் இடம் உண்டு. கடைகள் எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்பதை அங்கே உட்கார்ந்து பேச முடியும். அடித்து விரட்டத் தேவையில்லை.

சங்கத்தில் உறுப்பினர் யார் என்பது பெரிய கேள்வி. பட்டா வைத்திருப்பவர் மட்டும் என்று விதி எழுதிவிட்டால், தெருவில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்கள். அங்கே பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இன் தொடக்கத்தில் நீங்கியது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ அந்த நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டது, அதில் வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. ஆகவே சங்க விதியில் ‘தெருவில் வசிக்கும், தொழில் செய்யும் அனைவரும்’ என்று எழுதுங்கள். வாடகைக்காரருக்கும் ஓட்டு இருக்கட்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்த உற்சாகத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அபராதத்தோடு அலைகிறார்கள். சந்தா எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ரசீது கொடுங்கள். மாதக் கணக்கைப் பெட்டிக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல மனிதர்களையும் பிரித்துவிடுவது ஐம்பது ரூபாய்க் கணக்குதான்.

கூட்டம் எங்கே, எப்போது என்பதும் முக்கியம். மதரஸா ஹாலில் வைத்தால் மற்றவர்கள் தயங்குவார்கள், கோயில் மண்டபத்தில் வைத்தால் நம்மவர்கள் தயங்குவார்கள். பள்ளிக்கூடமோ நூலகமோ பொதுவானது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் என்றால் ஆண்களுக்கு வசதி, பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்தக் குழாயில் கலங்கலாக வருகிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? அஸருக்கு முன் வைத்தால் அவர்களும் வருவார்கள்.

சென்னையில் 1989-இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவுக்குத் தெரு கிளை அமைத்தது. வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலித்து, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை நியமித்து, வாசலிலேயே குப்பை வாங்கியது. பிறகு மாநகராட்சியும் ஒப்பந்த நிறுவனங்களும் அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, பல தெருக் கிளைகள் ஓய்ந்துபோயின. ஒரே வேலைக்காகக் கூடிய சங்கத்துக்கு அந்த வேலை முடிந்ததும் இப்படி நேர்வது இயல்பு. குப்பை தீர்ந்தால் தெருவிளக்கு, அது தீர்ந்தால் தண்ணீர் என்று அடுத்த வேலையை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பேசியதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இப்போது ஒரு இடம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே. சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கு அது எட்டவில்லை. தமிழக அரசு 2022-இல் வகுத்த விதிகளால்தான் நகராட்சி வார்டுகளிலும் வார்டு குழுவும் பகுதி சபாவும் வந்தன. கிராம சபை போல, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் பகுதி சபாவில் பேசலாம். குறையும் உண்டு: பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதனால் கட்சிக்காரர்களே நிரம்பிவிடுவதாகப் பல ஊர்களில் குற்றச்சாட்டு இருக்கிறது. சங்கம் அமைப்பாகப் போய் உட்கார்ந்தால், பிரதிநிதி யாராக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை பகுதி சபாவுக்குக் குறிக்கப்பட்ட நாட்கள். இடமும் நேரமும் வார்டு கவுன்சிலரிடமோ நகராட்சி அலுவலகத்திலோ ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோரிக்கையை எழுத்தில் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.