இயங்கும் கெர்னலின் நாடி

மருத்துவன் நாடி பார்க்கும் முறையை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். விரலை மணிக்கட்டில் மென்மையாக வைத்து, துடிப்பு தானே வந்து விரலைத் தொடும்படி அவன் காத்திருக்கின்றான். வலிந்து அழுத்துவானாயின் நாடி அடங்கிப்போம். அப்பொழுது அவன் உணர்வது தன் விரலின் அழுத்தமேயன்றி நோயாளியின் நிலையாகாது. ஆராயப்படும் பொருளை ஆராய்ச்சியே மாற்றிவிடலாகாது என்னும் இவ்வுண்மை மருத்துவர்க்கேயன்றி, ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின் உள்நிகழ்ச்சிகளை அறிய முயல்வோர்க்கும் முதற்பாடமாம். அப்பாடத்தின்படி அமைந்த கருவி எத்தகையது என்பதையும், அப்பாடம் ஓரிடத்தில் நெகிழ்ந்தபோது விளைந்த கேடு யாது என்பதையும், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இயங்குதளத்தின் நடுவே நின்று, செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய யாவற்றையும் ஆளும் பகுதியைக் கெர்னல் என்பர். அது பல்லாயிரம் செயற்கூறுகளால் ஆகியது. செயற்கூறு என்பது ஒரு குறித்த வேலையைச் செய்து முடித்து, தன்னை அழைத்தவரிடம் திரும்பிச் செல்லும் கட்டளைத் தொகுதி. நாம் ஒரு கோப்பைத் திறந்து படிக்கும்பொழுது, ‘விஎப்எஸ் ரீட்’ என்னும் செயற்கூறு அழைக்கப்படுகின்றது; அது கோப்புமுறைக்குரிய மற்றொன்றை அழைக்கின்றது; வேண்டிய பகுதி நினைவகத்தில் இல்லையேல் வட்டினை நோக்கி வேறு சில அழைக்கப்படுகின்றன. ஒரு பெரிய கச்சேரியில் ஒரு மனு மேசைதோறும் சென்று மீள்வது போல்வது இது. மனு எம்மேசையில் தங்கிற்று, எவ்வளவு நேரம் தங்கிற்று என்பது தெரிந்தாலன்றித் தாமதத்தின் காரணம் விளங்காது.

இதனை அறிதற்குப் பழைய வழிகள் இரண்டு. ஒன்று, ஐயத்திற்குரிய இடங்களில் செய்தி அச்சிடும் கட்டளைகளைச் சேர்த்து, கெர்னலை மறுபடியும் ஆக்கி, பொறியை நிறுத்தித் தொடங்குவது. மற்றொன்று, பொறியை நடுவழியில் நிறுத்திவைத்து உள்ளே பார்ப்பது. முன்னதிற் பொறியை மீளத் தொடங்கியவுடன் நோயே மறைந்துபோதல் உண்டு; பல நாள் ஓடிய பின்னரே தோன்றும் கோளாறு, புதிதாகத் தொடங்கிய பொறியில் உடனே தோன்றாது. பின்னதிற் பொறி நின்றமையால் ஓட்டத்தின் நேரக்கணக்கே பொய்த்துவிடும். மேலும், ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் சர்வரை ஓர் ஆராய்ச்சிக்காக நிறுத்துவது இயலாத காரியம்.

ஆகவே, பொறியை நிறுத்தாமலும் மாற்றியாக்காமலும் உள்ளே நோக்கும் வழி தேடப்பட்டது. 2004ஆம் ஆண்டில் லினக்ஸின் 2.6.9ஆம் பதிப்பில் ‘கேப்ரோப்ஸ்’ என்னும் ஏற்பாடு சேர்ந்தது. 2005ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சொலாரிஸ் 10 என்னும் இயங்குதளத்துடன் ‘டிட்ரேஸ்’ வெளிவந்தது. அதனை ஆக்கியோர் பிரையன் கான்ட்ரில், மைக் ஷப்பிரோ, ஆடம் லெவன்தால் என்னும் மூவர். அவர்கள் வற்புறுத்திய நெறிகள் இரண்டு: நோக்காத நேரத்தில் நோக்குங்கருவி சிறிதும் சுமையாகலாகாது, நோக்கும் நேரத்தில் அது பொறிக்குத் தீங்கு செய்யலாகாது. இவ்விரண்டு நெறிகளையும் உரைகல்லாகக் கொண்டே, 2008ஆம் ஆண்டில் லினக்ஸின் 2.6.27ஆம் பதிப்பில் இடம்பெற்ற ‘எப்ட்ரேஸ்’ என்னும் கருவியை நாம் நோக்குதல் வேண்டும். ஸ்டீவன் ரோஸ்டெட் என்பார் அதனை முதன்மையாக ஆக்கியவர்.

முதல் நெறியை அது நிறைவேற்றும் விதம் இது. நாம் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. அதற்கு ஒரு குறிப்புக் கொடுத்தால், ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் ‘எம்கவுண்ட்’ என்னும் ஒன்றை அழைக்கும் கட்டளையைத் தானே சேர்த்துவிடும். நிரல்களின் செயல்நேரத்தைக் கணக்கெடுப்பதற்காக முன்னரே இருந்த வசதி இது. ஆயினும் பல்லாயிரம் செயற்கூறுகளும் நொடிதோறும் இலட்சக்கணக்கான முறை இவ்வாறு அழைத்துக்கொண்டிருந்தால், ஒருவரும் நோக்காத நேரத்திலும் பொறி தளரும். இன்டெல் வகைச் செயலிகளில் இவ்வழைப்புக் கட்டளை 5 பைட் அளவினது. அவ்விடத்தில் அதே 5 பைட் அளவுள்ள, ஒன்றுஞ் செய்யாத கட்டளை ஒன்றை எழுதிவிட்டாற் செயலி அதனைத் தாண்டிச் செல்லும். சுமை ஏறக்குறைய இன்மையாம். நோக்க விரும்பும்பொழுது, விரும்பிய செயற்கூற்றின் தலைப்பில் மட்டும் அழைப்பினைத் திரும்ப எழுதுவர். நோக்கி முடிந்தவுடன் மீண்டும் வெறுங்கட்டளை அமர்ந்துவிடும்.

எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டினுள் ஒரு வினா மறைந்திருக்கின்றது. மாற்றியெழுத வேண்டிய இடங்கள் இவையென்று எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு முதலிற் கூறப்பட்ட விடையே பெருந்தீங்கிற்குக் காரணமாயிற்று.

2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், 2.6.27ஆம் பதிப்பின் முன்னோட்டங்களைச் சோதித்தோரிற் சிலருடைய கணிப்பொறிகளில் வலையமைப்பு அட்டை திடீரென்று செயலற்றுப்போயிற்று. அவ்வட்டைகள் இன்டெல் நிறுவனத்தின் ‘இ1000இ’ என்னும் டிரைவரால் இயங்குவன. பொறியை நிறுத்தித் தொடங்கினும் பயனில்லை. பழைய பதிப்பிற்குத் திரும்பினும் பயனில்லை. அட்டை தன் அடையாளத்தையும் அமைப்பையும் பொறித்து வைத்திருக்கும், மின்சாரம் போயினும் அழியாத நினைவுப்பகுதியே சிதைந்துவிட்டது. மென்பொருளின் பிழையால் வன்பொருள் கெட்ட அரிய நிகழ்ச்சி இது. லினக்ஸ் வெளியிடுவோர் சிலர் தம் சோதனை வெளியீடுகளில் அந்த டிரைவரையே நிறுத்திவைத்தனர். டிரைவரின் மீதே ஐயம் முதலில் எழுந்தது. கெட்டது அதன் அட்டையன்றோ? அதனை எழுதியோர் அந்நினைவுப்பகுதியை எவரும் எழுதாவண்ணம் பூட்டும் திருத்தத்தைச் செய்தனர். எனினும் எழுதிய கை எதுவென்பது பின்னரே வெளிப்பட்டது. அது எப்ட்ரேஸின் கை.

நடந்தது இவ்வாறு. அக்காலத்தில் எப்ட்ரேஸ், ஒரு செயற்கூறு முதன்முறை எம்கவுண்டை அழைத்தவுடன் அவ்வழைப்பு இருந்த முகவரியைக் குறித்துக்கொள்ளும். நொடிக்கொரு முறை விழித்தெழும் ஒரு பணியாள், குறிக்கப்பட்ட முகவரிகளுக்குச் சென்று, அழைப்புக்களை வெறுங்கட்டளைகளாக மாற்றும். ஆனால் கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் முதலியவற்றில், தொடக்கத்தில் ஒரே முறை பயன்பட்டு உடனே விடுவிக்கப்படும் பகுதிகளும் உண்டு. அப்பகுதி இருந்த முகவரி வேறொன்றிற்கு வழங்கப்படலாம். பணியாள் விழிக்குமுன், அம்முகவரியில் வலையமைப்பு அட்டையின் அழியா நினைவு வந்து அமர்ந்தது. குடியிருந்தவர் வீட்டைக் காலிசெய்து போயினர், வேறொருவர் குடிவந்தனர், பழைய விலாசத்தைக் கையிற் கொண்ட தச்சன் வந்து புதியவரின் கதவை இழைக்கத் தொடங்கினான்.

மாற்றுமுன் சரிபார்க்கவில்லையோ என்று கேட்கலாம். சரிபார்ப்பும் இருந்தது. எதிர்பார்த்த மதிப்பு அவ்விடத்தில் உள்ளதா என்று ஒப்பிட்டு, இருந்தால் மட்டும் புதியதை இடும் ஒரே கட்டளையை அவர்கள் ஆண்டனர். ஆனால் இன்டெல் செயலிகளில், ஒப்பீடு பொய்த்தவிடத்தும் அக்கட்டளை இருந்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் யாதொரு கேடுமில்லை. சாதனத்தின் முகவரியிலோ ‘எழுதுதல்’ என்பதே ஓர் ஆணையாகும். ஒன்றையும் மாற்றாமல் விலகியதாகக் கருவி எண்ணியது, அட்டையோ சிதைந்தது.

2008 அக்டோபர் 9ஆம் நாள் 2.6.27 வெளிவந்தது. ஒரு வாரத்திற்குள் வெளிவந்த 2.6.27.1, இடந்தோறும் மாற்றியெழுதும் இவ்வசதியை முற்றும் நிறுத்திற்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.6.28இல் அமைப்பு திருந்தியது. அழைப்பு உள்ள இடங்களின் பட்டியல், ஓடும்போது திரட்டப்படாமல், கெர்னலை ஆக்கும்போதே தொகுத்து உடன் வைக்கப்பட்டது. தொடக்கத்தில் மட்டும் பயன்பட்டு அழியும் பகுதிகள் அதிற் சேர்க்கப்படவில்லை. பொறி தொடங்கும் வேளையிலேயே அழைப்புக்கள் யாவும் வெறுங்கட்டளைகளாக்கப்பட்டன. பின்னர் ஏற்றப்படுவனவற்றிற்கும், அவை ஓடத் தொடங்குமுன் அவ்வாறே செய்யப்பட்டது. ஓரிடத்தை மாற்றுமுன் முதலிற் படித்துப் பார்ப்பதும், எதிர்பார்த்ததே அங்குளதாயின் மட்டும் எழுதுவதும் தனித்தனிச் செயல்களாயின. எதிர்பாராதது ஒன்று தென்படின், எப்ட்ரேஸ் மேலே செல்லாது, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஐயம் தோன்றியவிடத்துக் கையை எடுத்துவிடுதல் நல்ல மருத்துவனின் இயல்பன்றோ?

மற்றோர் இடரும் உண்டு. இக்காலக் கணிப்பொறியில் பல செயலிகள் ஒருங்கே ஓடுகின்றன. ஒரு செயலி 5 பைட்களை மாற்றிக்கொண்டிருக்கும் வேளையில் மற்றொரு செயலி அவ்விடத்தை அடைந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான பொருளற்ற கட்டளையைப் படித்துத் தடுமாறும். ரயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே தண்டவாளத்தை வேறு பாதைக்கு மாற்றுவதை ஒக்கும் இது. தொடக்கத்தில் இதற்கெனச் செயலிகள் அனைத்தையும் ஒரு கணம் நிறுத்திவைத்தனர். பின்னர் அதனினும் நயமான முறை வந்தது. முதல் பைட்டில் மட்டும் ‘நில்’ என்னும் பொருளுடைய ஒரு பைட் கட்டளையை இடுவர். இது கைகாட்டியை இறக்காமல் நிறுத்துவது போன்றது. அங்கு வரும் செயலி சற்று நின்று, அவ்விடத்தைத் தாண்டி அனுப்பப்படும். அதற்குள் எஞ்சிய 4 பைட்களையும் மாற்றி, எல்லாச் செயலிகளும் அதனை உணர்ந்தபின், முதல் பைட்டை இறுதியில் மாற்றுவர். வண்டிகள் பெரிதும் தடைப்படாமலே பாதை மாறிவிடுகின்றது.

நோக்குங்கருவி தன்னைத்தானே நோக்குதலும் ஆகாது. குறிப்பெழுதும் பணியிற் பயன்படும் செயற்கூறும் குறிக்கப்படுமாயின், அக்குறிப்பிற்கு ஒரு குறிப்பு, அதற்கும் ஒரு குறிப்பு என முடிவின்றி நீளும். ஆதலின் அத்தகைய செயற்கூறுகள் முன்னரே விலக்கி வைக்கப்படுகின்றன.

செயற்கூறு தொடங்கியதை அறிதல் மட்டும் போதாது. அது முடிந்த நேரமும் வேண்டும். செயற்கூறு ஒவ்வொன்றும் தான் திரும்பிச் செல்லவேண்டிய முகவரியைக் கையில் வைத்திருக்கும். எப்ட்ரேஸ் அதனை வாங்கித் தனியே காத்துக்கொண்டு, தன் முகவரியை அவ்விடத்தில் வைக்கும். வேலை முடிந்த செயற்கூறு எப்ட்ரேஸிடமே வந்து சேரும். அது நேரத்தைக் குறித்துக்கொண்டு உரிய இடத்திற்கு அனுப்பிவைக்கும். இங்ஙனம், எது எதனை அழைத்தது, எவ்வளவு நேரம் கொண்டது என்பன கிளைவிட்ட மரம்போல் வரைந்து காட்டப்படுகின்றன. 10 மைக்ரோவினாடியைக் கடந்தால் கூட்டற்குறியும், 100 மைக்ரோவினாடியைக் கடந்தால் வியப்புக்குறியும் அருகே இடப்படுதலின், தாமதம் நிகழ்ந்த இடம் பார்த்த அளவிலே புலனாகும்.

இதனைக் கையாளுதற்குப் பெரிய கருவிகளும் வேண்டா. பொறியின் முழு அதிகாரம் பெற்றவர், ‘ட்ரேசிங்’ என்னும் கோப்பகத்தினுள் உள்ள ஒரு கோப்பில் வேண்டிய செயற்கூற்றின் பெயரையும், மற்றொன்றில் நோக்கும் முறையின் பெயரையும் எழுதினாற் போதும். விடை இன்னொரு கோப்பில் வந்து நிற்கும். குறிப்புக்கள் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே உள்ள வட்ட வடிவான ஏட்டில் எழுதப்படுகின்றன. ஏடு நிரம்பினால் மிகப் பழைய குறிப்பின்மேல் புதியது எழுதப்படும். ஆதலாற் குறிப்பெடுத்தல் நினைவகத்தை விழுங்கிவிடுவதில்லை.

நோக்குதற்கு அமைந்த இவ்வாயில் பின்னர் மருந்திடுதற்கும் பயன்பட்டது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த லினக்ஸ் 4.0இல், பிழையுள்ள செயற்கூற்றை அழைக்கும்போது, எப்ட்ரேஸின் வழியே திருத்திய செயற்கூற்றிற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு சேர்ந்தது. பாதுகாப்புக் குறை கண்டவிடத்துப் பொறியை நிறுத்தாமலே அதனைத் தீர்த்தல் இதனாற் கைகூடிற்று. நாடி பார்த்த விரலே மருந்தும் கொடுத்தது எனலாம்.

மாணாக்கராகிய நாம் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 2008இல் கெட்ட அட்டைகள், அவற்றை ஆளவந்த டிரைவரின் தவற்றாற் கெடவில்லை. காணவந்த கருவியின் பழங்குறிப்பாற் கெட்டன. ஒரு பொருளைப் பார்ப்பது மட்டுமே நம் நோக்கமாயினும், பார்த்தற்பொருட்டு அதனைத் தொடுகின்றோமாயின், தொடும் அக்கணத்தில் அது நாம் எண்ணிய பொருள்தானா என்று மீண்டும் அறிந்துகொள்ளும் கடன் நமக்குண்டு. நேற்றுக் கண்டது இன்றும் அவ்விடத்தில் உளதென்று கொள்வது அறிவாகாது. இக்கடனை ஏற்றபின்னரே எப்ட்ரேஸ் நம்பத்தக்கதாயிற்று. இன்று பெரும்பாலான லினக்ஸ் பொறிகளில் அது, அழைக்கும்வரை சுமையின்றி அடங்கியிருந்து, அழைத்தவுடன் உண்மையுரைத்துப் பணிபுரிந்து வருகின்றது.